எதிராளியோடு ஒரே மேடையில்: இந்தியக் கடல்தொழிலாளர் கூட்டணிகளின் பெயர்வரலாறு

(நீள்பதிவு. சமூக இயக்கங்களின் வரலாற்றில் ஆய்வு மேற்கொண்டுள்ள மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

அண்மையில் ஓர் ஆய்வரங்கில் முதுகலை மாணவி ஒருவர் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகவே விடை சொன்னேன். கேள்வி இது: "இழுவைப் படகுகளை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் போராடிய சிறுதொழில் மீனவர் சங்கம், 1990களில் அதே இழுவைப் படகு உரிமையாளர்களோடு கூட்டுக் குழு அமைத்தது. அதைத் தந்திரம் என்பதா, துரோகம் என்பதா?" அரங்கில் நேரம் முடிந்துவிட்டது. அவருக்குத் தர வேண்டிய முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

விடையை அமைப்புகளின் பெயர்களிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இயக்கங்களின் துண்டறிக்கைகள் வெற்றியைப் பெருக்கிக் காட்டும். ஆண்டுவிழா மலர்கள் பிணக்குகளை மறைக்கும். காவல்துறைக் குறிப்புகளுக்கு அவற்றின் நோக்கம் உண்டு. ஆனால் ஓர் அமைப்பின் பெயர் பெரும்பாலும் வாதத்துக்குப் பின்னரே முடிவாகிறது. அதில் ஒரு சொல் நீங்கினால் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். ஒரு சொல் சேர்ந்தால் யாருக்கோ எல்லை வரையப்பட்டிருக்கிறது. இந்தியக் கடற்கரையின் கூட்டணி வரலாற்றில் இத்தகைய பெயர்மாற்றங்கள் ஏராளம். நான் அறிந்த வரையில் அவற்றை வரிசையாக வைத்துப் படித்தவர்கள் குறைவு.

முதலில் கேரளம். 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் மீனவரின் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை திறந்ததும் திட்டத்தின் போக்கு மாறியது. 1960களில் கடலடியைச் சுரண்டி இழுக்கும் மடிகளோடு விசைப்படகுகள் பெருகின. கடலுக்குப் போகாத முதலீட்டாளர்களின் பணமும் அவற்றில் இறங்கியது. விசைப்படகு இழுத்துச் சென்ற தடத்தில் வள்ளத்துக்காரர் விரித்திருந்த வலை கிழிந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் பருவமழைக் காலத்தில் கரையோரக் கடலடி கலக்கப்பட்டது. நட்டத்துக்குப் பொறுப்பேற்க எவருமில்லை.

இதற்கு எதிராகத் தென்கேரளத்தில் 1977இல் உருவான கூட்டமைப்பின் பெயரில் 'லத்தீன் கத்தோலிக்க' என்ற அடைமொழி இருந்தது. மறைமாவட்டங்களை ஒட்டி வளர்ந்த சங்கங்கள் என்பதால் அது இயல்பே. ஆனால் கேரளக் கடற்கரை ஒரே சமயத்தவரின் கரையன்று. தெற்கே லத்தீன் கத்தோலிக்கர், நடுப்பகுதியில் அரயர் முதலான இந்துச் சமூகத்தினர், மலபாரில் முஸ்லிம்கள் என மூன்று கரைகளாக அது பிரிந்து கிடக்கிறது. சில ஆண்டுகளிலேயே அந்த அடைமொழி நீங்கி 'சுதந்திர' என்ற சொல் வந்தது. கேரள சுதந்திர மத்ஸ்யத் தொழிலாளி கூட்டமைப்பு என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. எதிலிருந்து சுதந்திரம்? கட்சிகளிலிருந்து என்று ஒரு விளக்கம் உண்டு. திருச்சபையின் அதிகாரப் படிநிலையிலிருந்தும்தான் என்பது என் வாசிப்பு. பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் முன்னணியில் நின்ற ஓர் இயக்கம் தன் பெயரிலிருந்து சமயத்தை எடுத்தது சிறிய முடிவன்று. அந்த முடிவுக்காக அவர்களுள் சிலர் தம் மேலிடத்தோடு முரண்பட நேர்ந்தது.

அதே ஆண்டுகளில் கோவாவிலும் இதே தீ. அங்கே கரைவலையை ரம்போண் என்பார்கள். அதை இழுப்போர் ரம்போண்கார்கள். ஒரு கரைவலையை இழுக்கப் பலர் வேண்டும். பிடிபடுவது பலருக்குப் பங்காகும். சுருக்குமடிப் படகுகளும் இழுவைப் படகுகளும் வந்தபின் கரைக்கு மீன் வருவது அருகியது. ஆசிரியராக இருந்த மத்தானி சல்தான்யாவின் தலைமையில் ரம்போண்கார்கள் திரண்டனர். மோதல்கள் கோவாவோடு நிற்கவில்லை. சென்னைக் கரையும் அந்த ஆண்டுகளில் படகு எரிப்புகளைக் கண்டது.

1978இல் 13 வட்டாரச் சங்கங்கள் சென்னையில் கூடி அகில இந்திய அமைப்பொன்றைத் தொடங்கின, சல்தான்யா தலைவரானார். பெயரைக் கவனியுங்கள்: கட்டுமர, நாட்டுப்படகு மீனவர் உரிமைகளுக்கும் கடல்வளத்துக்குமான தேசிய மன்றம். வாயில் நுழையாத நீளம். ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருந்தது. கோவாவின் கொங்கணி பேசுவோருக்கும் சென்னையின் பட்டினவருக்கும் கேரளத்தின் முக்குவருக்கும் மொழி பொதுவன்று. சாதி, சமயம் பொதுவன்று. கடலுக்கு எதில் போகிறார்கள் என்பது ஒன்றே பொதுவாக இருந்தது. ஆகவே எல்லையை மரத்தின் மேல் வரைந்தார்கள். கட்டுமரமும் நாட்டுப்படகும் உள்ளே, விசைப்படகு வெளியே. மோதல்களின் விளைவாக மத்திய அரசு அமைத்த குழு ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தந்தது. 1980இல் கேரளமும் கோவாவும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாடு 1983இல் இயற்றியது.

மரத்தின் மேல் வரைந்த எல்லை நெடுங்காலம் நிற்கவில்லை. 1980களில் நாட்டுப்படகின் பின்புறத்தில் வெளிப்பொருத்து மோட்டார்கள் ஏறத் தொடங்கின. விசைப்படகோடு போட்டியிட வேண்டுமானால் வேறு வழியில்லை என்ற கணக்கில் கடன்பட்டு வாங்கினார்கள். பின்னர் பெரிய சுருக்குமடி வலைகள் வந்தன. ஒரே வள்ளத்தில் பலர் செல்லும் பெருந்தொழில்கள் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குள்ளேயே முளைத்தன. எந்திரம் பூட்டிய வள்ளம் நாட்டுப்படகா? மோட்டார் வாங்க இயலாமல் துடுப்போடு நின்றவருக்கும் அதை வாங்கியவருக்கும் ஒரே நலன்தானா? இக்கேள்விகளுக்குச் சங்கத்திடம் தெளிவான விடை இருக்கவில்லை. பெயர் சுருங்கி 'தேசிய மீனவர் மன்றம்' ஆனது. படகின் வகை பெயரிலிருந்து மறைந்தது. 1985இல் அது தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது.

அடுத்த மாற்றம் இன்னும் சுவையானது. ஆங்கிலப் பெயரில் 'ஃபிஷர்மென்' என்று இருந்தது 'ஃபிஷ்வொர்க்கர்ஸ்' ஆயிற்று. மீன் பிடிப்பது ஆண். ஆனால் அதைச் சுமந்து விற்பதும் உலர்த்துவதும் உப்பிடுவதும் வலை பின்னுவதும் பெரும்பாலும் பெண். மீன்கூடையோடு பேருந்தில் ஏறவிடாமல் இறக்கிவிடப்பட்ட திருவனந்தபுரத்து மீன்விற்பனைப் பெண்கள் 1980களின் தொடக்கத்தில் நடத்திய போராட்டம் தனிப்பேருந்து வசதியைப் பெற்றுத் தந்தது. இயக்கத்துக்குள் அவர்களின் குரலைத் தொடர்ந்து எழுப்பியவர்களில் நளினி நாயக் முக்கியமானவர். பெயரில் இருந்த 'ஆண்' நீங்கியதற்குப் பின்னால் இந்த நெடிய வேலை இருக்கிறது. கேரளக் கூட்டமைப்பின் மலையாளப் பெயரில் முன்பிருந்தே 'தொழிலாளி' என்ற சொல்தான் இருந்தது. ஆங்கிலம் மலையாளத்தை எட்டிப்பிடிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு நண்பர்கள் கவனிக்கலாம்.

இந்த விரிவாக்கங்களுக்கு நடுவே ஒரு பகை மட்டும் மாறாமல் நின்றது. பருவமழைக் கால இழுவைத் தடைக்கான போராட்டம் கேரளத்தில் ஆண்டுதோறும் நடந்தது. சாலை மறியல், ரயில் மறியல், சிறை, உண்ணாநோன்பு. 1984இல் சகோதரி ஆலிஸ் மேற்கொண்ட நோன்பு மாநிலத்தையே உலுக்கியது. அரசு 1981இல் பாபு பால் குழுவை அமைத்தது. பின்னர் கலாவார் குழு. அதன்பின் பாலகிருஷ்ணன் நாயர் குழு. 1988இல்தான் தடை நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு, 1989 ஏப்ரலில், மேற்குக் கரையிலிருந்து ஓர் அணியும் கிழக்குக் கரையிலிருந்து ஓர் அணியுமாகப் புறப்பட்ட கடற்கரைப் பயணம் மே 1 அன்று கன்னியாகுமரியில் சங்கமித்தது. நீரைக் காப்பதும் வாழ்வைக் காப்பதும் ஒன்றே என்பது அதன் முழக்கம். அக்கூட்டத்தின் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இழுவைப் படகு முதலாளி என்றால் யார் என்று அந்த ஊர்வலத்தில் நடந்த எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இரண்டு ஆண்டுகளில் களம் மாறியது. 1976இன் கடல்மண்டலச் சட்டம் 200 கடல் மைல் வரை இந்தியாவுக்குத் தனியுரிமை தந்திருந்தது. அந்த நீரில் பிடிக்க நம்மிடம் கப்பல் இல்லை என்ற வாதத்தின் பேரில் 1980களில் அயல்நாட்டுக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்த அரசு அனுமதித்தது. 1991இல் வந்த புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை கூட்டுமுயற்சி, குத்தகை, சோதனை மீன்பிடிப்பு ஆகிய வாயில்களைத் திறந்தது. உரிமம் தந்தது உணவு பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகம். மீனவர் நலனைப் பார்த்துவந்த வேளாண் அமைச்சகம் அல்ல. ஆழ்கடலுக்கென வந்த பெருங்கப்பல்கள் மீன் அடர்ந்த குறைந்த ஆழப் பகுதிகளுக்கும் வரக்கூடும். அப்போது வலையை அறுக்கும், படகில் மோதும். பிடித்ததை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றினால் கணக்குக் கேட்க ஆளில்லை. இந்த அச்சம் வள்ளத்துக்காரருக்கு மட்டும் உரியதன்று. குஜராத், மகாராஷ்டிரம் முதல் தமிழ்நாடு வரை விசைப்படகு உரிமையாளர்கள் முதல் முறையாகத் தம்மைவிடப் பெரிய மீனொன்றைக் கண்டார்கள்.

இங்கேதான் மாணவியின் கேள்வி பிறக்கிறது. பொது எதிரி வந்தான், பழைய பகை மறந்தது என்பதே வழக்கமான விளக்கம். பல இயக்க வரலாறுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகை மறக்கப்படவில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றமே சான்று. 1994ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் ஒரு வழக்கின் தலைப்பு: கேரள சுதந்திர மத்ஸ்யத் தொழிலாளி கூட்டமைப்பு எதிர் கேரள இழுவைப்படகு இயக்குவோர் சங்கம். பருவமழைக் காலத் தடை விதிக்க மாநிலத்துக்கு உள்ள அதிகாரத்தை நிலைநிறுத்திய தீர்ப்பு அது. அதே 1994 நவம்பரில் நாடு தழுவிய மீன்தொழில் வேலைநிறுத்தத்தில் வள்ளங்களும் இழுவைப் படகுகளும் சேர்ந்தே கரையில் நின்றன. ஒரே ஆண்டில் நீதிமன்றத்தில் எதிரிகள், துறைமுகத்தில் தோழர்கள்.

இது எப்படி இயன்றது? அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்தால் ஒரு பாதி விடை கிடைக்கும். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21ஆம் பதிவு. ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் 57ஆம் பதிவு. நடைமுறையில், 12 கடல் மைலுக்குள் திருவனந்தபுரமும் பனாஜியும். அதற்கு அப்பால் டெல்லி. இழுவைத் தடை பற்றிய சண்டைக்குக் களம் மாநிலத் தலைநகரம். கூட்டுமுயற்சிக் கப்பல் பற்றிய சண்டைக்குக் களம் டெல்லி. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோடு இரண்டு உறவுகளையும் ஒரே நேரத்தில் பேண இடம் தந்தது. கோட்டுக்கு உட்புறம் சண்டை, வெளிப்புறம் உடன்பாடு. சண்டைக்கெனத் தனியிடம் இருந்ததால்தான் உடன்பாடு நீடித்தது என்பேன். இழுவைத் தடையைக் கைவிட்டால்தான் கூட்டு என்று ஒரு தரப்போ, தடையை ஏற்றால்தான் கூட்டு என்று மறு தரப்போ கட்டாயப்படுத்தியிருந்தால் முதல் கூட்டத்திலேயே கதை முடிந்திருக்கும்.

மறு பாதி விடை பெயரில் உள்ளது. கூட்டணி தனக்கு இட்டுக்கொண்ட பெயர்: கூட்டுமுயற்சிகளுக்கு எதிரான தேசிய மீன்வளச் செயற்குழு. முந்தைய பெயர்களெல்லாம் 'நாம் யார்' என்று சொல்லின: கத்தோலிக்கர், கட்டுமரக்காரர், மீனவர், தொழிலாளர். இந்தப் பெயரில் 'நாம்' கிடையாது. 'எதற்கு எதிர்' என்பது மட்டுமே உண்டு. சிறுதொழில் சங்கங்கள், விசைப்படகு உரிமையாளர் கூட்டமைப்புகள், கட்சி சார்ந்த தொழிற்சங்கங்கள், மீன் வணிகத்தோடு தொடர்புடையோர் என அதில் இருந்த தரப்புகளுக்குப் பொதுவான தன்னடையாளம் ஒன்றைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. தேடவில்லை என்பதே அவர்களின் விவேகம். கோரிக்கையும் அதே அளவுக்குக் குறுகியது: உரிமங்களை ரத்து செய்.

அமைப்பாளராக இருந்தவர் தாமஸ் கோச்சேரி. கத்தோலிக்கத் துறவற சபையொன்றின் பாதிரியார், வழக்கறிஞர், கேரள இழுவைத் தடைப் போராட்டங்களில் பலமுறை சிறை சென்றவர். 1995 மே மாதத்தில் அவர் உண்ணாநோன்பு இருந்த இடம் போர்பந்தர். காந்தி பிறந்த ஊர் என்ற குறியீடு எல்லோர் கண்ணிலும் படும். அந்த ஊர் குஜராத் விசைப்படகு உரிமையாளர்களின் கோட்டைகளுள் ஒன்று என்பதை மறந்துவிடுகிறோம். இழுவைப் படகுகளுக்கு எதிராகத் தன் மாநிலத்தில் நோன்பிருந்த ஒருவர், படகு உரிமையாளர்களின் ஊரில், அவர்களே சூழ்ந்து நிற்க நோன்பிருந்தார். அந்தப் பந்தலில் இருதரப்பும் தமக்குள் என்ன பேசிக்கொண்டன என்பதை யாரேனும் வாய்மொழி வரலாறாகத் தொகுத்தால் நல்ல ஆய்வாக அமையும். நினைவுகூர வல்லவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோச்சேரி 2014இல் மறைந்தார். மன்றத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த வங்கத்து ஹரேகிருஷ்ண தேப்நாத் அதற்கு முன்பே 2009இல் மறைந்தார்.

அரசு 1995இல் முன்னாள் அரசுச் செயலாளர் பி. முராரி தலைமையில் குழு அமைத்தது. தொடக்கத்தில் அதில் மீனவர் தரப்புக்கு இடம் போதவில்லை. போராட்டத்தின் அழுத்தத்தால் உறுப்பினர் எண்ணிக்கை விரிந்தது. 1996 தொடக்கத்தில் துறைமுக முற்றுகை நடந்தது. பிப்ரவரியில் குழு 21 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. கூட்டுமுயற்சி, வாடகை, குத்தகை, சோதனைக் கப்பல்களுக்கான அனுமதிகளைச் சட்ட நடைமுறைக்கு உட்பட்டு ரத்து செய்ய வேண்டும், புதுப்பிக்கக் கூடாது, பாரம்பரியக் கலங்களும் 20 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகுகளும் தொழில் செய்யும் பகுதிகளை அவற்றுக்கே ஒதுக்க வேண்டும், மீன்வளத்தை ஒரே அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும். அரசு அசையாததால் ஆகஸ்டில் கோச்சேரி மும்பையில் மீண்டும் நோன்பிருந்தார். 1997இல் மத்திய அமைச்சரவை பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்றது. தனி அமைச்சகம் மட்டும் 2019 வரை காத்திருந்தது.

மூன்றாவது பரிந்துரையாக நான் குறித்ததை மறுபடி படியுங்கள். 'பாரம்பரியக் கலங்களும் 20 மீட்டருக்குக் குறைந்த விசைப்படகுகளும்.' 1978இல் எல்லைக் கோட்டின் இருபுறமும் நின்ற இரண்டு கலங்கள் 1996இல் ஒரே சொற்றொடரின் உள்ளே 'உம்'மையால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த 'உம்' கூட்டணியின் வெற்றி. விலையும் அதுவே. வெளிக்கடலில் அயல்கப்பலுக்கு எதிராக இருவருக்கும் பொதுவாக ஒதுக்கப்பட்ட பரப்புக்குள் இருவரில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி திறந்தே விடப்பட்டது. நீண்டகரையில் அது இன்றும் திறந்தே கிடக்கிறது.

விலையில் வேறொரு பகுதியும் உண்டு. படகு உரிமையாளர் பந்தலில் இருந்தார். படகில் பங்குக்கும் கூலிக்கும் உழைத்தவர் தனித் தரப்பாக அங்கே இல்லை. அதே 1990களில் கேரளத்து இளம்பெண்கள் குஜராத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் விடுதி என்ற பெயரிலான நெருக்கடிகளில் தங்கி இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். 'தொழிலாளர்' என்ற சொல்லைப் பெயரில் கொண்டுவந்த பெண்களின் உழைப்பு, 'எதிர்ப்பு' மட்டுமே பெயராகக் கொண்ட குழுவில் மீண்டும் விளிம்புக்குப் போனது. உரிமத்தை ரத்து செய்யும் போரில் அவர்களின் கூலியைப் பேச நேரமில்லை என்று சொல்லியிருக்கக்கூடும். கூட்டணிகளில் 'பிறகு' என்று ஒத்திவைக்கப்படுவது யாருடைய கோரிக்கை என்பதை ஆய்வாளர் எப்போதும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே துரோகமா என்றால், இல்லை என்பேன். சிறுதொழில் சங்கங்கள் அந்த மேடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. பதினைந்து ஆண்டுப் போராட்டமும் மூன்று மாநிலங்களின் சட்டங்களும் நீதிமன்றத் தீர்ப்பும் கையில் இருந்தன. அந்தச் சண்டைகள் நடந்திராவிட்டால் 1990களில் அவர்கள் படகு உரிமையாளர்களின் வால்களாகத்தான் போயிருப்பார்கள். தந்திரமா என்றாலும் முழுமையாக ஒப்ப மாட்டேன். தந்திரத்துக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு உரிமம் ரத்தாவது வரைதான் தெரிந்திருந்தது. எதிரி நீங்கியதும் அந்தப் பெயருக்குப் பொருள் நீங்கியது.

அரசும் பெயர் மாற்றத் தெரிந்ததுதான். வாடகை என்றது கூட்டுமுயற்சி ஆயிற்று. 2000களில் 'அனுமதிக் கடிதம்' ஆயிற்று. 2014இல் மீனாகுமாரி குழுவின் அறிக்கை வெளியானபோது பழைய எதிர்ப்பணிகள் மறுபடி கூடின. அனுமதிக் கடிதத் திட்டம் 2017இல் திரும்பப் பெறப்பட்டது.

கடைசியாக ஒரு பெயர். 1997 நவம்பர் 21 அன்று டெல்லியில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி உலக அமைப்பொன்றை நிறுவின. 'மீன் அறுவடை செய்வோர், மீன்தொழிலாளர் உலக மன்றம்' என்பது பெயர். இரு சொற்களுக்கு நடுவே காற்புள்ளியில் நின்றிருந்தது, நாம் மேலே பார்த்த அதே பிளவு: வடநாடுகளின் சொந்தப்படகு மீனவரும் தென்நாடுகளின் தொழிலாளர் சங்கங்களும். மூன்றாண்டுகளில், 2000இல், பிரான்சின் லோக்துதி என்ற சிறு துறைமுகத்தில் கூடிய பேரவையில் அது இரண்டாக உடைந்தது. ஒன்று பழைய பெயரையே வைத்துக்கொண்டது. இந்திய மன்றம் சேர்ந்த மற்றொன்று தன்னை 'மீனவ மக்களின் உலக மன்றம்' என்று அழைத்துக்கொண்டது. நவம்பர் 21ஐ உலக மீன்வள நாளாக இந்திய அரசும் இப்போது கொண்டாடுகிறது.